நான் துடைத்த புள்ளி

மார்ச் 4
போர்க்கால விமானப் படம் ஒருவழியாக முடிந்தது. எங்கள் அருங்காட்சியகத்தில் வைக்க ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் கொடுத்தது. விமானத்தின் அருகே இருபது வயதில் அவருடைய அப்பா நிற்கிறார். படம் முழுக்கப் பூஞ்சை. ஸ்கேன் செய்து, நூற்றுக்கும் மேற்பட்ட புள்ளிகளைக் கணினியில் ஒவ்வொன்றாக நீக்கினேன். விமானம் பளிச்சென்று நிற்கிறது. என் கண்ணே பட்டுவிடும்போல.

மார்ச் 6
என்ன ரகம் என்று சொல்ல இறக்கை சார் வந்தார். இறக்கை நுனியைக் காட்டினாலே விமானத்தின் பெயரைச் சொல்லிவிடுவார், அதனால் அந்தப் பட்டம். என் திரையை இரண்டு நிமிடம் பார்த்தார். "குண்டு போடற விமானம். சந்தேகமே இல்ல." படத்தின் கீழே போடும் குறிப்பை எழுதி டீச்சருக்கும் அனுப்பிவிட்டேன்.

மார்ச் 8
டீச்சர் போன் செய்தார். குரலே சரியில்லை. "வானத்துலேருந்து படம் எடுக்கறதுதாங்க எங்கப்பா வேலை. ஒரு குண்டுகூடப் போட்டதில்லன்னு சொல்லித்தான் எங்களை வளர்த்தார். அப்போ அத்தனையும் பொய்யா?" அப்பாவிடமே கேட்டும் விட்டாராம். தொண்ணூற்றாறு வயது மனிதர். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவர், நேற்றிலிருந்து சாப்பிடவில்லை.

நான் என்ன செய்ய? அந்த விமானத்தை நானா கட்டினேன்?

மார்ச் 9
அவர் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பதே மனதில் நிற்கிறது. வேறு எதுவும் ஓடவில்லை.

மார்ச் 10
காலையில் முதல் வேலையாக அசல் படத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். இறக்கைக்குப் பின்னால், விமானத்தின் பக்கவாட்டில் ஒரு கருப்பு வட்டம். பூஞ்சை என்றால் ஓரம் பிசிறாக இருக்கும். இது அச்சு வைத்த மாதிரி வட்டம். உள்ளே கண்ணாடி மின்னுவதுபோல ஒரு வெள்ளைக் கீற்று. என் திரையில் அந்த இடம் வழவழவென்று இருக்கிறது — நீக்கியது நான். ஐயோ, நானேதான்!

இறக்கை சாருக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் உளறிக் கொட்டினேன். அடித்துப் பிடித்து வந்தார். "கேமரா ஜன்னல்யா இது! அதே விமானம்தான். ஆனா குண்டுக்குப் பதிலா கேமரா வச்சது. நானும் அசலைக் கேட்டு வாங்கிப் பாத்திருக்கணும்." திட்டுவார் என்று நினைத்தேன். தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார்.

மனைவிதான் விடவில்லை. "வீட்டுல ஒரு தம்ளர் கழுவ மாட்டீங்க. அங்க போய் விமானத்தையே கழுவி வச்சிருக்கீங்க!"

மார்ச் 11
டீச்சர் வீட்டுக்கு நேரிலேயே போனேன். தப்பு என்னுடையது என்று சொல்லி, அசல் படத்தைப் பெரியவர் கையில் கொடுத்தேன். வட்டத்தைத் தேடி விரலை வைத்தார். பிறகு என்னை ஒரு முறை முறைத்தார். "என் கேமராவ எதுக்குய்யா துடைச்ச?"

டீச்சர் கட்டிலோரம் உட்கார்ந்து அழுதார். "உங்களைப் போய்ச் சந்தேகப்பட்டேனேப்பா..." பெரியவர் மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். நான் மெல்லக் கிளம்பி வந்துவிட்டேன்.

மார்ச் 12
மதியம் டீச்சர் போன். "ரசத்துல உப்பே இல்லன்னு அரை மணி நேரமா என்னைத் திட்டித் தீர்க்கறார்ங்க!" குரலில் அத்தனை சந்தோஷம். எனக்கும் அப்பாடா என்றிருந்தது.