மூச்சு வருகிறதல்லவா, பள்ளிக்கூடம் போ

பயிற்சி முகாம், தென் கரோலினா
ஜனவரி 29, ஞாயிறு

அன்பான அம்மாவுக்கு,

போனை வாங்கிப் பூட்டிவிட்டார்கள். இனி ஞாயிற்றுக்கிழமைக் கடிதம்தான், கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. நம் ஊர் ஈரியில் பனி கொட்டிக்கொண்டிருக்கும். இங்கே வெறும் சேறு. சாப்பிட உட்கார்ந்தால் மெல்லுவதற்குள் எழுப்பிவிடுகிறார்கள். நேற்று சார்ஜென்ட் பிராட்டி என்னிடம் வந்து, "என்னம்மா, ராணுவத்துல சேர வந்தியா, ரொட்டியோட குடும்பம் நடத்த வந்தியா?" என்றார். சிரித்துத் தொலைத்தேன். அதற்கு இருபது தண்டால்.

உன் பரீட்சைப் படிப்பு எப்படிப் போகிறது? நான் இல்லாமல் கேள்வி அட்டையைப் பிடித்துக்கொண்டு உன்னை மிரட்டுவது யார்?

ஒன்று கேட்க வேண்டும். பத்து நாளாக வலது தொடை இடுக்கில் வலி. மூட்டையோடு நடந்தால் கூடுகிறது, உட்கார்ந்தால் குறைகிறது. மருத்துவப் பிரிவுக்குப் போகலாம். ஆனால் போனால் ஓட்டத்திலிருந்து நிறுத்திவிடுவார்கள், அடுத்த அணியோடு மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். போகட்டுமா, வேண்டாமா? நீ சொல்வதைச் செய்கிறேன்.

உன்
ஹேட்டி


ஈரி
பிப்ரவரி 6

என் செல்ல ஹேட்டிக்கு,

தண்டால் கதையை எங்கள் அவசரப் பிரிவு முழுக்க வாசித்துக் காட்டினேன். இப்போது என்னோடு வேலை பார்க்கிற டோனாதான் அட்டை பிடிக்கிறாள். நான் தப்பாகச் சொன்னால், "பதினெட்டு வருஷமா குழந்தைங்களைப் பார்க்கிற, இதுகூடத் தெரியலையா? உனக்கெல்லாம் எவன் சம்பளம் குடுக்கிறான்?" என்று மானத்தை வாங்குகிறாள். வேலை எனக்குத் தெரியும் ஹேட்டி, பரீட்சைதான் தெரியவில்லை. கை தானாகச் செய்கிற காரியத்தை நாலு விடைகளில் ஒன்றாகப் படித்தால் நாலுமே சரியாகத் தோன்றுகிறது. முதல் பாடமே, கத்துகிற குழந்தையைப் பார்த்துப் பதறாதே, அடங்கிக் கிடக்கிற குழந்தையிடம் முதலில் ஓடு என்பதுதான். புதிதாகத் திறக்கிற குழந்தைகள் பிரிவுக்குப் பொறுப்பாளராகச் சான்றிதழ் வாங்கிய நர்ஸைத்தான் போடுவார்களாம். ஏப்ரலில் எப்படியாவது தேறிவிட வேண்டும்.

கால்வலிக்கு வருகிறேன். நம் வீட்டுச் சட்டம் மறந்துபோயிற்றா? மூச்சு வருகிறது, ரத்தம் வரவில்லை, ஆகவே பள்ளிக்கூடம் போ. புது பூட்ஸ், புது மூட்டை, சதை பிடித்திருக்கும். தண்ணீர் நிறையக் குடி, வலி மாத்திரை கேட்டு வாங்கிப் போடு. இதற்கெல்லாம் போய் நின்றால் அங்கே இருக்கிற நர்ஸும் எங்களைப் போலவே கண்ணை உருட்டுவாள். நேற்று எங்களிடம் வந்த குழந்தைகளை நீ பார்த்திருந்தால் உன் காலையே மறந்திருப்பாய்.

பயிற்சித் தாள் ஒன்று காத்திருக்கிறது, நிறுத்துகிறேன்.

முத்தங்களுடன்
அம்மா


முகாம்
பிப்ரவரி 19

அம்மா,

சரி, போகவில்லை. மாத்திரை போடுகிறேன். கட்டிலில் ஏறும்போது மட்டும் காலைக் கையால் தூக்கி வைக்க வேண்டியிருக்கிறது. மற்றபடி சமாளிக்கிறேன். அடுத்து நீண்ட நடை. நன்றாகப் படி.

ஹேட்டி


ஈரி
மார்ச் 13

கண்ணே ஹேட்டி,

உன் மருத்துவமனையிலிருந்து வீடு வந்து சேர்ந்தேன். போனைத் திருப்பிக் கொடுத்த பிறகும் நீ எடுக்கவில்லை, அதனால் எழுதுகிறேன்.

நடையில் நீ விழுந்துவிட்டாய், தொடை எலும்பு இடுப்போடு சேர்கிற இடத்தில் முறிந்துவிட்டது, திருகாணி வைக்கிறார்கள் என்று முகாமிலிருந்து சொன்னபோது என் மடியில் கேள்வி அட்டைகள் கிடந்தன. முதலில் மயிரிழை விரிசலாகத்தான் இருந்திருக்கும், அப்போதே ஓய்வு கொடுத்திருந்தால் தானே கூடியிருக்கும் என்று டாக்டர் என்னிடம் சொன்னார். பிறகு உன் பக்கம் திரும்பி, "முன்னாடியே வலிக்குதுன்னு நீ யார்கிட்டயும் சொல்லலையாம்மா?" என்று கேட்டார். நீ சுவரைப் பார்த்தபடி, "இல்ல" என்றாய். நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

வேறு எந்தத் தாயாவது நீ எழுதியதை அப்படியே வந்து சொல்லியிருந்தால், அந்தப் பிள்ளையை ஓர் அடி நடக்க விட்டிருக்க மாட்டேன். காலைக் கையால் தூக்கி வைக்கிறேன் என்று நீ எழுதியதையும் படித்தேன். படித்துவிட்டு, பரவாயில்லை, சமாளிக்கிறாள் என்று மடித்து வைத்தேன். பதில்கூடப் போடவில்லை. எனக்கு என்மேல் அருவருப்பாக இருக்கிறது.

பரீட்சைக்குப் பதிவு செய்ததை ரத்து செய்துவிட்டேன். எந்த முகத்தோடு எழுதுவது? கீழே இருக்கிற அறையை உனக்காக ஒழித்துவிட்டேன், கட்டிலையும் இறக்கியாயிற்று. வந்துவிடு, நான் பார்த்துக்கொள்கிறேன். என்னை மன்னித்துவிடு.

அம்மா


முகாம் மருத்துவமனை
மார்ச் 24

அம்மா,

ஊன்றுகோலோடு கழிப்பறை வரை போகிறேன். ராணுவம் எனக்கு முடிந்துவிட்டது, காகிதமெல்லாம் ஆனதும் அனுப்பிவிடுவார்கள். நான் டொலிடோவில் அப்பா வீட்டுக்குப் போகிறேன்.

நான் கோபத்தில் போகவில்லை. அப்பாவுக்குக் காலைப் பற்றி ஒன்றும் தெரியாது, முட்டையைக்கூடக் கருக்குவார். ஆனால் நீ இங்கே இருந்த இரண்டு நாளும் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாய். நான்தான் கையை நீட்டி உனக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். "பரவாயில்லம்மா, உன் தப்பில்ல" என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். வலி தாங்காமல் மணியடிக்கலாம் என்றால், அடித்தால் நீ மறுபடி அழுவாயே என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். வீட்டுக்கு வந்தால் என் காலைவிட உன் குற்ற உணர்ச்சிக்குத்தான் நான் பணிவிடை செய்ய வேண்டியிருக்கும். அதற்கு இப்போது தெம்பில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அது சதைப் பிடிப்பு இல்லை என்று எனக்கே தெரியும். நிறுத்து என்று நீ சொல்ல வேண்டும் என்றுதான் கேட்டேன். நானாக நிறுத்தினால் பயந்தாங்கொள்ளி என்று என்னையே நான் திட்டியிருப்பேன். அம்மா சொன்னாள் என்றால் நிறுத்தலாம் இல்லையா?

பரீட்சையை விட்டது யாருக்காக? எனக்காக என்றால் வேண்டாம். அதையும் கொண்டுவந்து என் காலில் கட்டாதே. போய் எழுது.

ஹேட்டி


ஈரி
மே 14, ஞாயிறு

அன்புள்ள ஹேட்டிக்கு,

இன்று அன்னையர் தினம். நீ வாழ்த்து அட்டை அனுப்பவில்லை என்று குறை சொல்ல எழுதவில்லை.

நீ சொன்னபடி மறுபடி பதிவு செய்து பரீட்சை எழுதினேன். தேறிவிட்டேன். டோனா கேக் வாங்கி வந்தாள், என்னால் சாப்பிட முடியவில்லை. வெளியே காயமில்லாத ஒரு பையன் வலிக்கிறது என்கிறான், முதலில் எதை நம்புவாய் என்று ஒரு கேள்வி வந்திருந்தது. அவன் சொல்வதை என்று நொடியில் சரியான விடையைக் குறித்தேன். அதற்கு மதிப்பெண்ணும் கொடுத்தார்கள்.

எழுதி எழுதிக் கிழித்த கடிதங்கள் நிறைய. எல்லாவற்றிலும் மன்னிப்புக் கேட்டிருந்தேன். கேட்டால் நீதான் ஆறுதல் சொல்லியாக வேண்டும், ஆகவே இதில் கேட்கவில்லை.

கால் இப்போது எங்கே வலிக்கிறது? இடுக்கிலா, முட்டியிலா? நிற்கும்போதா, புரண்டு படுக்கும்போதா? எப்போது தாங்க முடியாமல் போகிறது? உனக்கு எப்போது தோன்றுகிறதோ அப்போது எழுது. எழுதாவிட்டாலும் சரி, அடுத்த ஞாயிறும் இதையேதான் கேட்பேன்.

அம்மா