குழாய் வழியே வந்த சம்மதம்

அக்டோபர் 3

குளிரைத் தடுக்கப் பரணில் பஞ்சு போடப் போகிறானாம். காலைக் காப்பியின்போது என் வீட்டுக்காரன் கெய்லன் இதை ஏதோ வானிலைச் செய்தி மாதிரி சொல்லிவிட்டு ரொட்டியில் வெண்ணெய் தடவினான். இந்த வீட்டில் இருபத்தாறு வருஷமாக இருக்கிறோம். குளிர்காலம் வந்தால் நம் கணப்பின் சூடெல்லாம் கூரை வழியே போய்விடும். மேலே பனி உருகி, விளிம்பில் வந்து பாறையாய் உறைந்து, தண்ணீர் போக வழியில்லாமல் கூடத்துச் சுவரில் இறங்கும். ஒவ்வொரு வருஷமும் சொல்வேன். ஒவ்வொரு வருஷமும் "பாக்கலாம்" என்பான். இப்போது மட்டும் என்ன ஞானோதயம்?

சந்தோஷப்பட வேண்டியவள்தான். ஆனால் எரிச்சலாக வருகிறது. நான் கேட்டபோது செய்யாததை யார் கேட்டுச் செய்கிறான்?

அக்டோபர் 6

நேற்றும் இன்றும் பரணில்தான் குடியிருக்கிறான். பக்கத்து வீட்டு ஆர்டிஸ் வேலிக்கு மேல் தலையை நீட்டினாள்.

"என்னடி லவோன், உன் வீட்டுக்காரன் பரணுக்கும் தரைக்குமா அலையறான்? மேல யாரையாவது ஒளிச்சு வச்சிருக்கானா?"

"வச்சிருந்தா அவளும் இந்நேரம் குளிர்ல விறைச்சுப் போயிருப்பா" என்றேன்.

உண்மையில் அவன் ஓட்டை அடைக்கிறான். விளக்குக்குக் கம்பி இறங்கும் இடம், புகைக்குழாயைச் சுற்றி, சுவர் கூரையைத் தொடும் இடம் என்று ஒன்று விடாமல். பஞ்சை மேலே கொட்டினால் மட்டும் போதாதாம், முதலில் காற்று ஏறும் இடுக்குகளை அடைக்க வேண்டுமாம். கூரை விளிம்பில் காற்று நுழையும் துளைகளைப் பஞ்சு மூடிவிடாமல் அட்டை வேறு செருகியிருக்கிறான். சும்மா சொல்லக்கூடாது, வேலை சுத்தம். அந்தச் சுத்தம்தான் எனக்குச் சந்தேகம். வாசல் கதவுக்கும் புதுச் சாயம் அடித்திருக்கிறான். "எதுக்கு?" என்றேன். "இருக்கட்டுமே" என்றான்.

அக்டோபர் 12

கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

இன்று பஞ்சு ஊதினோம். பஞ்சு என்றால் பழைய செய்தித்தாளை அரைத்த சாம்பல் நிறத் தூள்தான், மூட்டை மூட்டையாக வந்தது. கடைக்காரனே அதை ஊதும் இயந்திரத்தையும் கொடுத்தனுப்பினான். அதைக் கார் ஷெட்டில் நிறுத்தி, யானைத் தும்பிக்கை போன்ற நீளக் குழாயை மாடி ஜன்னல் வழியாக ஏற்றி, அலமாரிக்கு மேலிருக்கும் பரண் வாய்க்குள் விட்டோம். குழாய் முனையைப் பிடித்துக்கொண்டு அவன் மேலே. மூட்டையைப் பிய்த்துத் தொட்டியில் கொட்ட நான் கீழே. முகமூடி போட்டும் மூக்கெல்லாம் தூசி.

மதியம் அவசரத்தில் நிறையக் கொட்டிவிட்டேன் போலிருக்கிறது. குழாய் அடைத்துக்கொண்டது. இயந்திரத்தை நிறுத்தி, குழாயைக் கழற்றி, உதறினேன். ஒரு கட்டி வந்து விழுந்தது. பின்னாலேயே கெய்லனின் குரலும் வந்தது. பரணில் நின்று செல்போனில் பேசுகிறான், குழாய் அதை அப்படியே என் காதில் கொண்டுவந்து கொட்டுகிறது.

"ஆமாம், இன்னிக்கு முடிஞ்சிடும்... இல்ல, வசந்தத்துல வீட்டை விக்கறதுதான் நல்லதுன்னு நீங்கதானே சொன்னீங்க... அரிசோனாவுலதான், என் தம்பி மெர்ல் வீட்டுக்குப் பக்கத்துல... லவோனா? அவ அப்பவே சரின்னுட்டா."

நான் சரின்னுட்டேனாம்!

குழாயைத் திரும்ப மாட்டினேன். தொட்டி நிறையக் கொட்டினேன். ஊதும் வேகத்தைக் கடைசி வரை திருகி, சுவிட்சைப் போட்டேன். மேலே 'ஐயோ' என்று ஒரு சத்தம். நன்றாக வேண்டும்.

இறங்கி வந்தபோது சுடலையிலிருந்து எழுந்து வந்தவன் மாதிரி இருந்தான். கண் மட்டும் தெரிந்தது.

"என்ன பண்ற நீ? சொல்லிட்டுப் போடக் கூடாதா?"

"நீ சொல்லிட்டா வீட்டை விக்கற?"

முகத்துத் தூளை வழித்துப் போட்டான். பிறகு, "ஆகஸ்ட்ல கேட்டேனே. பனியில்லாத ஊரா, அரிசோனாவுக்குப் போயிடலாமான்னு. நீதானே சொன்ன, 'அப்படியும் செய்யலாம்தான்'னு."

கடவுளே. இந்த மாநிலத்தில் பிறந்து வளர்ந்த எவனாவது அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வானா? 'அப்படியும் செய்யலாம்தான்' என்றால் என் பிணத்தைத் தாண்டித்தான் போகணும் என்று அர்த்தம்! அவன் அம்மா அப்படித்தான் பேசினாள், என் அம்மா அப்படித்தான் பேசினாள், எங்கள் பாதிரியார் அப்படித்தான் பேசுகிறார். இங்கே யார் யாரிடம் நேராக 'முடியாது' என்று சொல்லியிருக்கிறோம்? முப்பத்தெட்டு வருஷம் என்னோடு வாழ்ந்துவிட்டு இன்றைக்குத்தான் வெளிநாட்டுக்காரன் ஆகிவிட்டானா?

"அது வேண்டாம்னு அர்த்தம். உனக்குத் தெரியும்."

"தெரியாது."

"தெரியும் கெய்லன். தெரிஞ்சேதான் தெரியாத மாதிரி இருந்துக்கிட்ட. சரி, இப்ப நேராவே சொல்றேன், கேட்டுக்கோ. முடியாது. விக்க மாட்டேன். முடியாது, முடியாது, முடியாது."

வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த வார்த்தையை ஒரு மனிதனின் முகத்துக்கு நேராகச் சொன்னேன். நன்றாக இருந்தது. ரொம்ப நன்றாக இருந்தது.

மிச்ச மூட்டைகளையும் ஊதி முடித்தோம். இயந்திரத்தைச் சாயங்காலம் திருப்பித் தர வேண்டியிருந்ததே.

அக்டோபர் 13

நான் மாடியில் தூசி கூட்டினேன். அவன் கார் ஷெட்டில் கூட்டினான்.

அக்டோபர் 20

அன்றைக்குப் போனில் பேசினானே, வீடு விற்றுத் தரும் அந்தப் பெண்ணிடம் வேண்டாமென்று சொல்லிவிட்டானாம். சொல்லிவிட்டுக் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு செடி வெட்டப் போய்விட்டான். ஏன் விற்க நினைத்தான் என்று ஒரு வார்த்தை இல்லை. கேட்டால், "ஒண்ணுமில்ல, விடு."

இந்த 'விடு'வைத்தான் என்னால் விட முடியவில்லை.

நவம்பர் 24

முதல் பெரிய பனி. வீடு கதகதவென்று இருக்கிறது. அதற்கும் கோபம்தான் வருகிறது. இவ்வளவு நல்ல வேலையை வேறு யாருக்கோ செய்திருக்கிறான்.

டிசம்பர் 8

தேவாலயத்து விருந்தில் ஆர்டிஸ் பக்கத்தில் உட்கார்ந்தாள். தட்டு நிறைய இறைச்சியும் உருளைக்கிழங்கும் வைத்துக்கொண்டு, மென்றபடியே சொன்னாள்.

"இந்த வருஷமாவது உன் ஆளைப் பனிக்கட்டி மேல உப்புத் தூவிட்டு நடக்கச் சொல்லு. போன மார்ச்ல தூக்கறதுக்குள்ள எனக்கு இடுப்பு போச்சு."

"தூக்கினியா? யாரை?"

வாய் நின்றுவிட்டது அவளுக்கு. "அடக் கடவுளே. சொல்லலையா அவன்?"

போன மார்ச்சில் எங்கள் வாசலுக்குக் கார் ஏறி வரும் பாதையில் வழுக்கி விழுந்திருக்கிறான். எழுந்திருக்க முடியவில்லை. ஆர்டிஸ் நாயைக் கூட்டிக்கொண்டு வந்தபோதுதான் பார்த்திருக்கிறாள். அதுவரை அப்படியே கிடந்திருக்கிறான். உதடு நீலமாகிவிட்டதாம். "லவோன்கிட்ட சொல்லாத, கவலைப்படுவா" என்றானாம். இவளும் சொல்லவில்லையாம்! என்ன ஊர் இது! எல்லோரும் எல்லோரையும் பாதுகாத்தே சாகடிப்பார்கள்.

வீட்டுக்கு வந்து கேட்டேன். "சொல்ற அளவுக்கு ஒண்ணுமில்ல" என்றான். தட்டை விட்டெறியலாம் போலிருந்தது. கழுவித்தான் வைத்தேன்.

ஜனவரி 16

இதை நிதானமாக எழுத வேண்டும். நிதானம் வரவில்லை.

வியாழக்கிழமை. ஆண்கள் காப்பிக் கூட்டத்துக்குக் கெய்லன் தேவாலயம் போயிருந்தான். பூஜ்யத்துக்குக் கீழே பன்னிரண்டு டிகிரி. நான் குப்பையை வைக்க வெளியே போனேன். அவன் விழுந்து கிடந்த இடத்தைப் பார்த்தேன். ஆர்டிஸ் காட்டியிருந்தாள். என்ன நினைத்தேனோ, போய்ப் படுத்துக்கொண்டேன். கோட்டோடு, மல்லாந்து. பைத்தியம் என்று யாராவது சொன்னால் சொல்லட்டும்.

குளிர் முதுகு வழியாக உடனே ஏறியது. தலையைத் திருப்பினேன். எதிரே சமையலறை ஜன்னல். முழு ஜன்னலும். குழாய், அலமாரி, நான் எப்போதும் நிற்கிற இடம்.

அன்றைக்கு நான் அங்கேதான் நின்றிருப்பேன். ரேடியோ போட்டுக்கொண்டு பாத்திரம் கழுவியிருப்பேன். என்னைப் பார்த்துக்கொண்டே கிடந்திருக்கிறான். ஒரு குரல் கொடுத்திருந்தால் போதும். ஒரே ஒரு குரல். ஏன் கூப்பிடல? ஏன் மனுஷா கூப்பிடல? என்ன பிறவி நீ?

அப்போதுதான் கார் திரும்பியது. நான் எழுந்திருக்கவில்லை. கதவு திறந்தது, மூடவில்லை.

"லவோன்! லவோன்!! ஐயோ, லவோன்!"

தெருவே கேட்டிருக்கும். இந்த மனுஷன் கத்தி நான் கேட்டதே இல்லை. எங்கள் மகள் பிறந்தபோதுகூட "சரி, நல்லது" என்றவன். அந்தப் பனிக்கட்டியின் மேலே ஓடி வந்து முழங்காலில் விழுந்தான்.

"எங்க அடி? அசையாத. அசையாத."

"எனக்கு ஒண்ணுமில்ல. கத்தத் தெரியுதில்ல உனக்கு? தொண்டை இருக்கில்ல? அன்னிக்கு எங்க போச்சு அது?"

முகம் வெளுத்துப்போயிருந்தது. மூச்சு வாங்கியது. மெதுவாக என் பக்கத்தில் அந்தப் பனியிலேயே உட்கார்ந்தான்.

"கூப்பிட்டா நீ ஓடி வருவ. செருப்புகூட மாட்ட மாட்ட. வழுக்கி விழுவ."

"அதனால?"

"ரெண்டு பேரும் கெடப்போம். அப்புறம் யாரு யாரைத் தூக்கறது?" என்றான். என் கோட்டில் ஒட்டிய பனியைத் தட்டிவிட்டபடியே, "பயமா இருக்கு லவோன். ஒவ்வொரு வருஷமும் பனி விழ ஆரம்பிச்சாலே பயமா இருக்கு."

இதைத்தானே மனுஷா கேட்டேன். வீடு, அரிசோனா, பஞ்சு எல்லாவற்றுக்கும் முன்னால் இந்த ஒரு வரியைச் சொல்லியிருந்தால் என்ன? அவன் கையில் ஓங்கி ஒன்று வைத்தேன். கையுறை போட்டிருந்ததால் சத்தம்தான் வந்தது.

ஆர்டிஸ் மண்வெட்டியோடு தன் வீட்டு வாசலில் நின்று, "என்ன ரெண்டு பேரும், பிக்னிக்கா?" என்று கத்தினாள். அவனைப் பிடித்துக்கொண்டு நான் எழுந்தேன். என்னைப் பிடித்துக்கொண்டு அவன் எழுந்தான். வெகு நேரம் பிடித்தது.

ஜனவரி 17

இன்னும் கோபம் போகவில்லை. யார் மேல் என்றுதான் சரியாகத் தெரியவில்லை.

மார்ச் 22

விற்றுத் தரும் பெண் வந்தாள். நான்தான் போன் செய்து வரச் சொன்னேன். கெய்லன் என்னைப் பார்த்த பார்வைக்கு, "பார்க்காத, மனசு மாறிடும்" என்றேன்.

கூடத்தைப் பார்த்தாள், சமையலறையைப் பார்த்தாள், எல்லாவற்றையும் படம் பிடித்தாள். பிறகு ஏணி போட்டு, பரண் வாய்க்குள் தலையையும் டார்ச்சையும் விட்டாள்.

"அடேயப்பா! மூலை முடுக்கெல்லாம் ஒரே சீரா இருக்கே. எந்தக் கம்பெனி போட்டாங்க?"

கெய்லன் தரையைப் பார்த்தான்.

"கம்பெனியெல்லாம் இல்ல. நாங்க ரெண்டு பேரும்தான்" என்றேன். "அவன் மேல, நான் கீழ."