கோலப்பொடி படாத இடம்

மயிலாடும்பாறை வழி,
கார்த்திகை மாதம், 2001.

சென்னையில் பெரிய படிப்புப் படிக்கும் என் மருமகள் நதியாவுக்குத் தாய்மாமன் கர்ணன் எழுதுவது. இங்கே நானும் உன் அத்தை சந்தனம்மாளும் சுகம். அங்கே உன் உடம்புக்கும் படிப்புக்கும் நம் ஜக்கம்மா துணை இருக்கட்டும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இங்கே நடந்தது அத்தனையும் நடக்கும் என்று எனக்கு முன்கூட்டியே தெரியும். அந்த வீடுகளுக்கு முளைக்குச்சி அடித்த அன்றைக்கே சொன்னவன் நான். ஊரில் யாரைக் கேட்டாலும் இல்லை என்பார்கள், எல்லாம் பொறாமை. கொஞ்சம் மெதுவாகச் சொன்னேன் என்பது வாஸ்தவம்தான். அன்றைக்குக் கொட்டுமேளச் சத்தம் அதிகம்.

உன் கடிதத்தை உன் அத்தைக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினேன். இரண்டு விஷயம் கேட்டிருந்தாய். வளர்ச்சி நிர்வாகம் என்ற பாடத்துக்குக் கட்டுரை எழுத வேண்டும், நம் ஊருக்குத் தொகுப்பு வீடுகள் வந்த கதையை விவரமாக எழுதுங்கள் மாமா என்பது ஒன்று. அம்மா ஏன் போன் பூத்துக்குப் பேச வருவதே இல்லை என்பது இன்னொன்று. இரண்டுக்கும் பதில் ஒன்றுதான் ஆத்தா. அதனால்தான் பூத்தில் நின்று சொல்லாமல் காகிதம் வாங்கி வந்து உட்கார்ந்திருக்கிறேன். ஓடையில் கொஞ்சம் தண்ணீர் வந்தது என்று போனில் சொன்னேன் அல்லவா? அதைவிடக் கூடுதலாகவே வந்தது.

முதலில் உன் பாடத்துக்கு வருகிறேன். உன் புரொபசர் எத்தனை புத்தகம் படித்திருந்தாலும் இதை என் பேரைப் போட்டு எழுதிக்கொள்ளச் சொல். பழைய நிர்வாகம் என்றால் அதிகாரி நாற்காலியில் இருப்பார், நாம் வாசலில் நிற்போம். வரியைக் கட்டு, ரேகையை வை, போய்ச் சேர். வளர்ச்சி நிர்வாகம் என்றால் அதிகாரி தரையில் உட்கார்ந்துகொண்டு நம்மை நாற்காலியில் உட்காரச் சொல்வார். நாம் கூச்சப்பட்டு நாமும் தரையில் உட்காருவோம். நாற்காலி சும்மா கிடக்கும். எட்டாவது படித்த எனக்கு இது ஒரே நாளில் விளங்கிவிட்டது.

அப்படித் தரையில் உட்கார்ந்தவர்தான் சசிதரன் என்ற திட்ட ஆபீசர். நீ உத்தமபாளையத்தில் காலேஜ் ஹாஸ்டலில் இருந்த சமயம் அது. தங்கமான பிள்ளை. நம் வீட்டுக் கம்மங்கூழை வாங்கிக் குடித்தார். என்னைக் கேட்காமல் ஒரு காரியமும் செய்ய மாட்டார். லண்டனில் போய் இந்தப் பாடத்தைப் படித்துவிட்டு வந்தவர் என்று நினைக்கிறேன், கொடைக்கானலாகவும் இருக்கலாம். வந்த அன்றைக்கு அவர் சொன்னது இது: "உங்க ஊருக்கு என்ன வேணும்னு நாங்க சொல்லப்போறதில்லை. நீங்க சொல்லுங்க, நாங்க செய்றோம். முதல்ல உங்க ஊரை நீங்களே வரைஞ்சு காட்டுங்க." அதற்கு மக்கள் பங்கேற்பு என்று பேர். உன் புத்தகத்திலும் இருக்கும்.

வரைவதற்கு அவர் காகிதமோ பென்சிலோ கொண்டுவரவில்லை. மூட்டையில் கோலப்பொடி கொண்டுவந்தார், கலர் கலராக. எழுதப் படிக்கத் தெரியாத பெண்களுக்கும் கோலம் வரும் அல்லவா, அதனால். ஜக்கம்மா கோவில் முன்னால் பெருக்கித் தண்ணீர் தெளித்து ஊர்ப்படம் போட ஆரம்பித்தார்கள். நான் நடுவில் நின்று வழிநடத்தினேன். முக்கியக் கை உன் அம்மாவுடையது. முனீஸ்வரி இழை இழுத்தால் அளவு வைத்த மாதிரி இருக்கும் என்று ஊருக்கே தெரியும். கூடவே எதிர்வீட்டு அக்கம்மாள். சின்ன வயதிலிருந்து உன் அம்மாவுக்குக் கூட்டாளி, உனக்குத் தலை பின்னிவிட்டவள். நம் வீட்டை நான் கொஞ்சம் எடுப்பாகப் போடச் சொன்னேன். அதற்கு அவள், "ஏ முனீசு, ஒங்கண்ணன் வீட்டைப் பாருடி, மதுரை அரமனை தோத்துச்சு! ஊர்க்காரக நடக்கப் பாதையாச்சும் விடச் சொல்லு" என்றாள். ஆபீசர் உட்பட எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வேறு என்ன செய்வது?

படம் முடிந்தபோது மேற்கே ஒரு பட்டை வெறுமையாகக் கிடந்தது. வடக்கே ஒரு மூலையும் அப்படியே. வடக்கே உள்ளது சுடுகாடு. அதை ஆம்பளைகள் நாங்கள் சத்தம் போட்டுச் சொல்லிவிட்டோம், தூக்கிக்கொண்டு போகிறவர்கள் நாங்கள் அல்லவா. மேற்கே உள்ளது வருசநாட்டு மலையிலிருந்து இறங்குகிற ஓடை. சாவு விழுந்த வீட்டு வாசலில் கோலம் போடக்கூடாது என்பது உனக்குத் தெரியும். அந்த ஓடை எங்கள் தாத்தா காலத்தில், துணி துவைத்துக்கொண்டிருந்த இரண்டு குமரிகளைக் கொண்டுபோனது. அன்றிலிருந்து நம் ஊர்ப் பெண்களுக்கு அந்த ஓடை முழுக்கச் சாவு வாசல். பொடிக் கையோடு அந்தப் பக்கம் திரும்பக்கூட மாட்டார்கள். அதிலும் அம்மன் முன்னால் போடுகிற படத்தில் எப்படிப் போடுவார்கள்?

"இங்க ஏன் ஒண்ணும் போடல?" என்று சசிதரன் கேட்டார். பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். "அங்கன பொடி போட மாட்டோம் சார்" என்றாள் உன் அம்மா. "யாருக்காவது சொந்தமா?" என்று கேட்டார். "யாருக்கும் சொந்தமில்ல சார்" என்றாள். அது நிஜம்தானே? அவர் தலையை ஆட்டிவிட்டுக் காலி நிலம் என்று குறித்துக்கொண்டார். படத்தைப் பெரிய தாளில் எடுத்து எல்லாரிடமும் கையெழுத்தும் ரேகையும் வாங்கினார். தாளின் ஒரு முனையைப் பிடித்து நான் நிற்கும் போட்டோ ஆபீசில் இன்றைக்கும் தொங்குகிறதாம்.

யாருக்கும் சொந்தமில்லாத இடம், ரோட்டுக்குப் பக்கம், மக்களே காட்டிய படம். தொகுப்பு வீடுகள் அங்கே என்று முடிவாகிவிட்டது. அளக்க வந்த அன்றைக்கு, ஆடு மேய்க்கிற பொன்னுராஜ் மட்டும், "சார், அங்கன தண்ணி வந்தா என்ன செய்ய?" என்று கேட்டார். ஆபீசர் தாளை விரித்து, "ஐயா, இது நீங்க எல்லாரும் சேர்ந்து வரைஞ்சதுதானே? இதுல ஓடைன்னு ஒரு கோடுகூட இல்லையே" என்றார். கேலியாகக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டார். எல்லாரும் தாளையே குனிந்து பார்த்தோம். மார்ச்சுக்குள் வேலை தொடங்காவிட்டால் திட்டம் அடுத்த ஊருக்குப் போய்விடும் என்று அவர் முன்னமே சொல்லியிருந்தார். நான் எழுந்து, 'நிறுத்துங்கள் சார், இது தண்ணீர்ப் பாதை' என்று சொல்லத்தான் போனேன். அதற்குள் காபி வந்துவிட்டது.

உன் அம்மாவையும் தப்பாக நினைக்காதே. கூரை ஒழுகுகிற ஒவ்வொரு மழைக்கும் உன் புத்தகப் பெட்டியைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு நின்றவள் அவள். கான்கிரீட் வீடு என்றதும் அவளுக்கு வாய் அடைத்துப்போனது. ஓடையில் தண்ணீர் வந்து பல வருஷம் ஆகிவிட்டது. சீமைக்கருவேலம் முளைத்து, மண் மேடிட்டு, பார்த்தால் ஓடை மாதிரியே இல்லை. உன் அம்மாவுக்கும் அக்கம்மாளுக்கும் அங்கேயும் எதிரெதிர் வீடுதான். கட்டி முடிந்து பால் காய்ச்சிய அன்றைக்கு அக்கம்மாள் ஒவ்வொரு சன்னலாகத் திறந்து மூடிப் பார்த்தாள். "ஏ மச்சான், இனி நீங்கதான் எங்க வீட்டுக்கு வந்து பவுசு பாக்கணும்" என்றாள்.

இனிமேல் எழுதுவதை உட்கார்ந்து படி.

ஐப்பசிக் கடைசியில் வந்தது. ஊரில் ஒரு சொட்டு மழை கிடையாது, நல்ல வெயில். மலைக்கு மேலே பெய்திருக்கிறது. மத்தியானம் உலை வைக்கிற நேரத்தில் லாரி வருகிற மாதிரிச் சத்தம் கேட்டது. சத்தம் கேட்ட உடனே எனக்கு விளங்கிவிட்டது. ஓடினேன், நீந்திப் போய் நாலைந்து பேரைத் தூக்கிக் கரையேற்றினேன். சரி, நீந்தவில்லை. நான் நின்ற இடத்தில் இடுப்பளவுதான் இருந்தது. அதற்கு அந்தப் பக்கம் என்னால் போக முடியவில்லை. உன் அம்மா சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எதிர்வீட்டில் அக்கம்மாள் ஆட்டுக்குட்டியை அவிழ்க்க உள்ளே போனவள் வெளியே வரும்போது நடுவில் ஆறு ஓடுகிறது. உன் அம்மா சேலையை அவிழ்த்து வீசினாள். அவள் பிடித்துக்கொண்டாள். பிடித்துக்கொண்டு, "விட்றாத முனீசு" என்றாள். அது எனக்கே கேட்டது. சேலை கிழிந்துவிட்டது ஆத்தா. மறுநாள் அக்கம்மாளை மயிலாடும்பாறைக்குக் கீழே முள்ளில் எடுத்தோம். உன்னிடம் அன்றைக்கே சொல்லாததற்கு மாமனைத் திட்டிக்கொள்.

சசிதரன் சார் இப்போது வேறு ஊரில் இருக்கிறார். செய்தி கேட்டு அவராகவே பஸ் ஏறி வந்தார். அக்கம்மாள் வீட்டு வாசலில் வெறுந்தரையில் உட்கார்ந்தார். யாரும் அவரை ஒன்றும் சொல்லவில்லை. "ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாம்மா" என்று பெண்களைப் பார்த்துக் கேட்டார். பொன்னுராஜ்தான், "பொடி போட மாட்டோம்னு சொன்னாகல்ல சார்" என்றார்.

உன் அம்மா நம் வீட்டுக்கு வர மாட்டேன் என்கிறாள். சுவர் பாதி போன அந்த வீட்டிலேயே இருக்கிறாள். உன் அத்தை மூன்று வேளையும் சோறு கொண்டுபோகிறாள். மலையில் இன்னும் மேகம் கட்டிக்கொண்டுதான் நிற்கிறது, அதுதான் எனக்குப் பயம். நான் நினைத்தால் ஒரு சொல்லில் அவளைக் கூட்டிவந்துவிடுவேன், நான் சொல்லி அவள் எதைக் கேட்காமல் இருந்தாள்? நதியாவை வரச் சொல்லட்டுமா என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே, "பிள்ளை பரிச்சை எழுதட்டும்ணே. நான் நல்லாத்தான் இருக்கேன்னு எழுதுங்க" என்றாள்.

உன் கட்டுரைக்கு முக்கியமான இடம் இனிமேல்தான். புது ஆபீசர் வந்தார். உடைந்த வீடுகளை அதே இடத்தில் கட்டித் தருவார்களாம். இடத்தை மாற்று என்றால், பழைய படம் மக்கள் கொடுத்த படம், மக்கள்தான் புதுப்படம் போட்டு மாற்ற வேண்டுமாம். வருகிற வெள்ளிக்கிழமை மறுபடியும் ஜக்கம்மா கோவில் முன்னால் கூட்டம், மறுபடியும் கோலப்பொடி மூட்டை. சட்டப்படி சரிதான். ஆனால் பெண்கள் என்ன சொல்கிறார்கள் தெரியுமா? இப்போது அங்கே புதுச் சாவு விழுந்திருக்கிறது, ஓடை மட்டுமில்லை, அந்த வீட்டு வரிசை முழுக்கவே பொடி படக்கூடாது என்கிறார்கள். ஆக, இந்தத் தடவை வெற்றிடம் முன்னைவிடப் பெரியதாக இருக்கும். அவர்கள் அதைப் பார்த்து இன்னும் எத்தனை வீடு கட்டலாம் என்று கணக்குப் போடுவார்கள். ஆம்பளைகள் வாயால் சொல்லலாமே என்பாய். சொன்னோம். படத்தில் காட்டுங்கள் என்கிறார். நான் ஒரு குச்சியை எடுத்துக் கோடு கிழித்துக் காட்டத் தயார். ஆனால் என் பேச்சுக்கு ஆபீசில் மரியாதை அதிகமாகிவிட்டதால் நான் சொல்வதை யாரும் காதில் வாங்குவதில்லை.

மற்றபடி ஊரில் விசேஷம் ஒன்றுமில்லை. சிவப்பு மாடு கன்று போட்டிருக்கிறது. நன்றாகச் சாப்பிடு. பரீட்சையில் நீதான் முதல் வருவாய், அதையும் இப்போதே சொல்லி வைக்கிறேன். நீ பெரிய அதிகாரியாகித் தரையில் உட்காரும்போது நம் ஊரை நினைத்துக்கொள். தீர்க்காயுசாக இரு.

ஆசிகளுடன்,
உன் மாமன் கர்ணன்.

ஆத்தா, மேலே எழுதியதில் ஒன்றை மட்டும் அடித்துவிடு. உன் அம்மா சிரித்துக்கொண்டு சொன்னதாக எழுதினேனே, அதை அவள் சொல்லவில்லை. அந்த மத்தியானத்திலிருந்து அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. சோறு வைத்தால் பார்க்கிறாள், அவ்வளவுதான். நேற்று நான் காலைப் பிடித்து அழுதும் பார்த்துவிட்டேன். உன் பரீட்சை கெடக்கூடாது என்று நானாக எழுதிய பேச்சு அது. பரீட்சை அடுத்த வருஷமும் வரும். வெள்ளிக்கிழமைக்கு முன்னால் பஸ் ஏறிவிடு.