கை மாறி வந்த சமாதானம்

4-2-79, ஞாயிறு

திருவிருந்து ஆராதனை. சமாதானம் கொடுக்கிற நேரத்தில் போதகர் கூப்பிய கையோடு பீடத்திலிருந்து இறங்கி வந்து, அந்தக் கையை முதல் ஆளின் கைகளுக்குள் வைப்பார். அவர் அடுத்தவருக்கு. அப்படியே பெஞ்சு பெஞ்சாக வாசல் வரை போகும். எனக்கு அது அண்ணன் வேதமுத்து கையிலிருந்து வர வேண்டும். வாங்குவேனா? பெஞ்சை மாற்றலாம்தான், ஆனால் அப்பா உட்கார்ந்த பெஞ்சையும் அவனுக்கே விட்டுக்கொடுக்க நான் என்ன இளிச்சவாயனா? என் பெண்டாட்டி ஞானசுந்தரி பாடகர் குழுவில் நிற்பவள், குறுக்கே போட ஆகமாட்டாள். அதனால் சாலமோன் வாத்தியாரை நடுவில் உட்கார வைத்திருக்கிறேன். நல்ல அகலமான மனுஷன். அண்ணனின் சமாதானம் வாத்தியாரின் கை வேர்வையோடுதான் என்னிடம் வருகிறது. இதுவரை சேதாரமில்லை.

பிரசங்கம் கசப்பைப் பற்றி. வாத்தியார் என்னைப் பார்த்தார். நான் அண்ணனைப் பார்த்தேன்.

12-2-79

பழங்காநத்தத்தில் ஒரு கல்யாணம். நான் வாழ்த்திப் பேசினால் முன்னெல்லாம் பந்தியிலிருந்து எழுந்து வந்து கேட்பார்கள். இன்று ஒருத்தரும் சிரிக்கவில்லை. மைக் சரியில்லை என்றேன்.

“மைக்கு நல்லாத்தான் இருந்துச்சு. மாப்பிள்ளையில ஆரம்பிச்சாலும் பொண்ணுல ஆரம்பிச்சாலும், ஒங்க அண்ணன் பொட்டிய மூடுனதுல கொண்டுபோயி முடிக்கிறீங்க” என்றாள் ஞானசுந்தரி.

கல்யாண வீட்டில் சவப்பெட்டிக் கதை. தப்புத்தான். ஆனால் நடந்தது நடந்ததுதானே? அம்மா செத்த அன்றைக்குத் திருச்சியிலிருந்து வந்த பஸ் கொட்டாம்பட்டியில் படுத்துவிட்டது. நான் வருவதற்குள் அண்ணன் பெட்டியை மூடச் சொல்லிவிட்டான். அம்மா முகத்தை நான் பார்க்கவில்லை. அஞ்சு வருஷம் ஆச்சு. ஏன் மூடினாய் என்று இதுவரை கேட்கவும் இல்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவானே!

4-3-79, ஞாயிறு

வாத்தியார் சொல்லாமல் கொள்ளாமல் மகன் வீட்டுக்குப் போய்விட்டார். நடுவில் ஆளில்லை. சமாதானம் வந்துகொண்டே இருக்கிறது. அண்ணன் கை கூப்பியபடி என் பக்கம் திரும்பினான்.

எனக்கு இருமல் வந்தது. துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய், வேப்பமரத்தடியில் ஒரு பாட்டு முடிகிற வரைக்கும் இருமினேன். அங்கேயிருந்து ஜன்னல் தெரியும். அண்ணன் கையை இறக்காமல் நின்றுகொண்டிருந்தான். கடைசியில் பின் பெஞ்சுப் பெரியவர் எட்டி வாங்கிக்கொண்டார்.

5-3-79

இருமலுக்காம், ஞானசுந்தரி மிளகு ரசம் வைத்தாள். அவள் முகத்தில் சிரிப்பே இல்லை. குடித்தேன்.

1-4-79, ஞாயிறு

வாத்தியார் வந்துவிட்டார். இருமல் இல்லை.

2-5-79

அண்ணன் போய்விட்டான். மத்தியானம், நெஞ்சுவலி. எழுமலையில் இருக்கும் தங்கச்சி எஸ்தருக்குத் தந்தி கொடுத்தாச்சு. என்ன எழுத?

3-5-79

சித்திரை வெயில். ஐஸ் வைத்தும் முகம் மாற ஆரம்பித்துவிட்டது. எஸ்தர் வந்தபாடில்லை. மதினி என்னை ஓரமாகக் கூப்பிட்டாள்.

“அத்தைக்கும் அன்னைக்கு இப்பிடித்தான் ஆச்சு. தம்பி இதப் பாக்க வேணாம், அவன் மனசுல அம்மா பழைய மொகமாவே இருக்கட்டும்னுதான் மூடச் சொன்னாரு. நீங்க கேப்பீங்க, சொல்லலாம்னு பாத்துக்கிட்டே இருந்தாரு.”

அண்ணன் முகத்தை ஒரு தரம் நன்றாகப் பார்த்தேன். எஸ்தர் அண்ணன் தோளில் வளர்ந்தவள். இதையா அவள் பார்க்க வேண்டும்?

“மூடுங்க” என்றேன். நான்தான் சொன்னேன்.

குழியை மூடிய பிறகு வந்து சேர்ந்தாள். யார் பெட்டியை மூடச் சொன்னது என்று கேட்டாள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

20-5-79

எஸ்தர் மதினிக்குத் துணையாக இங்கேயே இருக்கிறாள். விளக்கம் சொல்லலாம் என்று போனேன். கதவைச் சாத்திக்கொண்டாள். மதினி சொல்லியும் காதில் வாங்கவில்லையாம். எங்க வீட்டு ரத்தம்தானே.

3-6-79, ஞாயிறு

திருவிருந்து. எங்கள் பெஞ்சில் எஸ்தரும் இருந்தாள், எங்கள் நடுவில் வாத்தியார். அவரைக் கொஞ்சம் பின்னால் போய் உட்காரச் சொன்னேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு எழுந்து போனார்.

சமாதானம் என் கைக்கு வந்தது. எஸ்தர் பக்கம் திரும்பி நீட்டினேன். அவளுக்கு இருமல் வந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டாள். என்னைவிட நன்றாகவே இருமுகிறாள். வேப்பமரத்தடியில்தான் நிற்பாள்.

கையை இறக்கவில்லை. பின் பெஞ்சுப் பெரியவர் வழக்கம்போல எட்டினார்.

“இது ஒங்களுக்கில்லய்யா” என்றேன்.