தீவில் எங்கே தங்கலாம், எங்கே சாப்பிடலாம் என்று கேட்டிருந்தாய்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் அந்தக் குளிரில் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு ஒரு குறையும் இல்லை. அப்பாவைப் பற்றி அப்படி ஒரே வரியில் எழுத வரவில்லை. போனில் சொல்லலாம் என்றால் நீ கூப்பிடும்போதெல்லாம் அவர் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, நான் வாயைத் திறக்கும் முன்னே எல்லாம் அருமை அருமை என்று சொல்லிவிடுகிறார். அதனால்தான் கடிதம். இப்போது முடி வெட்டிக்கொள்ளப் போயிருக்கிறார், அதற்குள் எழுதி முடிக்க வேண்டும்.

முதலில் நீ கேட்டதற்குப் பதில். அடுத்த மாத லீவில் நீங்களும் அந்தத் தீவுக்குப் போவதாகவும், நாங்கள் போய் வந்தவர்கள் என்பதால் இடம் சொல்லும்படியும் எழுதியிருந்தாய். எங்களுக்கு நீ ஏற்பாடு செய்த படகுத்துறை ஓட்டல் வேண்டாம், கோபித்துக்கொள்ளாதே, படத்தில் பார்த்து உனக்கு எப்படித் தெரியும். கடல் தெரியும் அறை என்றார்கள், குளியலறை ஜன்னலில் கழுத்தை நீட்டினால் ஒரு கைக்குட்டை அளவு கடல் தெரிந்தது. மெத்தையில் ஈரம், ஜன்னலுக்குக் கீழே ஜெனரேட்டர். லிப்ட் வேறு ஓடவில்லை. முப்பது வருஷம் லிப்ட் மெக்கானிக்காக இருந்தவர் ஆயிற்றே, உன் அப்பா அதன் கதவைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, சொந்தக்காரன் படுத்துக்கிடப்பதைப் பார்த்ததுபோல் முகத்தை வைத்துக்கொண்டார். மூன்று மாடி ஏறுவதற்குள் இரண்டு இடத்தில் நின்றார். வயசாகிறது என்று நான் கேலி செய்தேன்.

மறுநாளே பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேறு இடம் போய்விட்டோம். படகுத்துறையில் டிக்கெட் கிழிக்கிறவரின் மனைவி மாடியில் இரண்டு அறை வாடகைக்கு விடுகிறாள். அங்கே தங்கலாம். இரண்டு பக்கமும் ஜன்னல், வெயிலில் காய்ந்த வாசனையோடு விரிப்பு. கழிப்பறை மட்டும் கீழே, படி செங்குத்து, மாப்பிள்ளையைப் பார்த்து இறங்கச் சொல். மத்தியானம் சாப்பிட மீன் ஏலக் கொட்டகைக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட கடை ஒன்று இருக்கிறது, ஆறே மேஜை, ஒரு மொட்டைத் தலைக்காரர் கரியில் மீன் சுட்டுக் கொடுப்பார், பன்னிரண்டு மணிக்கு முன்னால் போய்விடு. கடற்கரையில் வரிசையாக விளக்குப் போட்ட கடைகள் பக்கம் தலைவைத்துப் படுக்காதே. எல்லாம் காய்ச்சின எண்ணெயையே காய்ச்சுகிறார்கள், தெருமுனையிலேயே எனக்கு மூக்கில் ஏறிவிட்டது.

மற்ற வேளைக்கு டிக்கெட்காரம்மாவே சமைத்துப் போடுவாள். மீன் சூப்பும் ரொட்டியும் அவள் கையால் சாப்பிட வேண்டும். அங்கே சாப்பிட்ட இரண்டாம் நாள் காலையில்தான் விஷயம் வெளியே வந்தது. அப்பா கடலைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனதும் அவள் என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டு, எங்க பூனை நேத்துலேருந்து வீட்டுச் சாப்பாட்டைத் தொடலம்மா, உங்க வீட்டுக்காரர் தட்டுல வெச்சது அத்தனையும் மேஜைக்கு அடியில அதுக்குத்தான் போகுது, அவருக்கு என்ன உடம்புன்னு கேட்டாள். எனக்கு முகத்தில் அறைந்தது போல் இருந்தது. ஆஸ்பத்திரி கேன்டீனில் இருபத்தாறு வருஷம் நோயாளிகளுக்குச் சமைத்தவள் நான். திரும்பி வரும் தட்டைப் பார்த்தே எந்தக் கட்டிலுக்கு எது தொண்டையில் இறங்கவில்லை என்று நர்ஸுகளுக்குச் சொல்லியிருக்கிறேன். என் வீட்டுத் தட்டை எனக்குப் பார்க்கத் தெரியவில்லை.

தேடிக்கொண்டு போனேன். ஏலக் கொட்டகைக்கு அந்தப் பக்கம் பாறைமேல் உட்கார்ந்திருந்தார். எத்தனை நாளா என்று கேட்டேன். எது என்றுகூடக் கேட்கவில்லை, நாலு மாசம் இருக்கும் என்றார். முதலில் ரொட்டி அடைத்ததாம், அப்புறம் சோறு, இப்போது கஞ்சிகூட நெஞ்சில் நின்று நின்று இறங்குகிறதாம். ஏன் சொல்லலைன்னு கத்தினேன், வலை காயப்போட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அதற்கு அவர் சொன்னது இப்போதும் காதில் இருக்கிறது. “சாப்பாடு நல்லா இல்லையான்னு நீ கேட்டே. ஆமான்னு சொல்றது சுலபமா இருந்துச்சு.”

உனக்குத் தெரியாது, அந்த நாலு மாசமும் இந்த வீட்டில் என்ன சண்டை. தட்டில் மிச்சம் வைக்கிறார் என்று நான் பேசாத பேச்சில்லை. என் கை ருசி கசந்துபோச்சுன்னா வேற யாரையாவது சமைக்கக் கூட்டிட்டு வாங்க என்றேன். ஒரு வாரம் அடுப்பே பற்றவைக்காமல் கடையில் வாங்கி முன்னால் வைத்தேன். அதையும் கிளறிக் கிளறி உட்கார்ந்திருந்தார். நான் பயப்படுவதைவிடக் கோபப்படுவதே தேவலை என்று நினைத்தாராம். தீவுப் பயணம் முடியட்டும், மகள் ஆசையாக அனுப்பியிருக்கிறாள், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தாராம். இதைப் படித்துவிட்டு நீ உன்னை நொந்துகொள்ளாதே. நீ அனுப்பியிருக்காவிட்டால் இன்னும் இழுத்தடித்திருப்பார்.

ஒரு நாள் முன்னதாகவே படகேறி வந்தோம். ஆஸ்பத்திரியில் வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள், சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். உணவுக் குழாயில் கட்டி, கெட்ட கட்டிதான். வருகிற திங்கட்கிழமை மருந்து ஏற்ற ஆரம்பிக்கிறார்கள். முயற்சி பண்ணலாம்மா என்றார் பெரிய டாக்டர். அத்தனை வருஷம் ஆஸ்பத்திரியில் இருந்தவளுக்கு அந்தப் பண்ணலாமுக்கு அர்த்தம் தெரியாதா. அப்பா மட்டும், டாக்டர் சட்டையில் மைக்கறை இருந்துச்சு பாத்தியா, பேனாவுக்கு மூடியே போடமாட்டார் போலிருக்கு என்று வழியெல்லாம் அதையே பேசிக்கொண்டு வந்தார். நான் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அதனால் கண்ணு, தீவுக்கு எடுத்த லீவில் இங்கே வந்துவிடு. தீவு எங்கேயும் போகாது. டிக்கெட்காரம்மாவிடம் நான் சொல்லிக்கொள்கிறேன், இன்னொரு சமயம் போய்த் தங்குங்கள். அப்பாவிடம் தெரியாததுபோல் நடிக்க வேண்டாம். அம்மா எழுதினாள் என்றே சொல், என்னை இரண்டு நாள் முறைத்துக்கொண்டிருப்பார், இருக்கட்டும். நடித்தது போதும்.

இரண்டு பேரும் நூறு வருஷம் ஒற்றுமையாக இருக்க வேண்டும், எதையும் ஒருவருக்கொருவர் மறைக்காமல் இருக்க வேண்டும், அதுதான் என் ஆசீர்வாதம். கிளம்பும்போது காஸை மூடினாயா என்று இரண்டு தரம் பார். ஒன்றை மட்டும் மறக்காதே. இப்போதெல்லாம் அவருக்குக் கரைத்த கஞ்சி நாலு ஸ்பூன்தான். அதைக் குடித்துவிட்டு என் தட்டுக்கு எதிரில் உட்கார்ந்து, நீ சாப்பிடு நான் பாக்கறேன் என்கிறார். எனக்கு இறங்கவில்லை, ஆனாலும் சாப்பிடுகிறேன். நீ வந்தால் அவருக்கு எதிரிலேயே உட்கார். பசியில்லை என்று மட்டும் சொல்லிவிடாதே.

உன் வரவைப் பார்த்திருக்கும்
அம்மா