கறுப்புக் கரை போட்ட நாற்பது அட்டைகள்

ஜூன் 11, புதன்

காலையிலிருந்து சாரல். பேரருவியில் பதினொரு மணி வரை குளிக்கத் தடை. தடை போட்டால் துண்டு விற்காது, பஜ்ஜி விற்கும். என்னுடையது துண்டுக் கடை. பக்கத்துப் பஜ்ஜிக்காரரின் சிரிப்பைப் பார்த்துக்கொண்டே பாதி நாள் போயிற்று.

செய்ய வேண்டியது: தார்ப்பாய்க்குப் புதுக் கயிறு. கரூருக்கு போன், சாயம் போகாத சிவப்புத் துண்டு. சின்னப் பிள்ளைகள் ஜட்டி, இரண்டு அளவு. தென்காசிக் கடைப் பூட்டுக்கு எண்ணெய்.

சீசன் முடியும் வரை நான் குற்றாலம் கடை, வீட்டுக்காரர் தென்காசிக் கடை. பொழுது சாய்ந்தால்தான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பது.

மகள் உலகு லீவுக்கு வந்து ஐந்து நாள். சென்னையில் ஓவியக் கல்லூரி, மூன்றாம் வருடம். சாப்பாட்டு மேசை காணாமல் போய்விட்டது. அதன் மேல் துண்டு லேபிள், சோப்பு உறை, பஸ் டிக்கெட், காலண்டர் தாள், பூக்கடைப் பை. எல்லாவற்றையும் கத்தரித்து ஒட்டுகிறாள். அவள் அப்பா தரையில் உட்கார்ந்து சாப்பிடப் பழகிவிட்டார்.

"ம்மா, உன் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ ஒண்ணு தா."

"எதுக்குட்டி?"

"ப்ராஜெக்ட்டு. நாப்பது காப்பி எடுக்கணும்."

நான் என்ன எலெக்‌ஷனிலா நிற்கிறேன் என்றேன். சிரிக்கவில்லை. போட்டோவை வாங்கிக்கொண்டு போனாள்.

ஜூன் 13, வெள்ளி

தடை இல்லை. நல்ல கூட்டம். கை ஒழியவில்லை.

கடையில் கேட்டது: "துண்டு இல்லாம வந்துட்டு இப்பம் எம்புடவையக் கேக்கியளே, வெக்கமா இல்ல?" புருஷனிடம் ஒரு அம்மா. அவருக்குப் பச்சைத் துண்டு கொடுத்தேன்.

உலகு செய்வது என்னவென்று இன்றுதான் கேட்டு வாங்கினேன். தபால் ஓவியமாம். கையால் செய்த அட்டையைத் தபாலில் அனுப்புவது. வாங்கியவர் தன் பங்குக்கு அதில் எதையாவது ஒட்டி, எழுதித் திருப்பி அனுப்புவது. போய் வந்த பிறகுதான் அது படம். அதுவரை வெறும் பாதி.

"அதை வாட்ஸப்புல அனுப்பினா ஆவாதா?"

"ஆவாது. முத்திரை குத்தணும், நனையணும், மடங்கணும். அதெல்லாம் சேந்ததுதான்."

சரக்கு நனைந்து மடங்கி வந்தால் நான் திருப்பி அனுப்பிவிடுவேன். இவளுக்கு மார்க்காம்.

படத்தின் பொருள் நான். நாற்பது பேரிடம் என்னைப் பற்றிக் கேட்கப்போகிறாள். சொந்தக்காரர்கள் கிடையாது, வியாபாரத்தில் பழகியவர்கள் மட்டும். தீபாவளி வாழ்த்து அனுப்ப நான் வைத்திருக்கும் விலாச நோட்டை எடுத்துக்கொண்டாள். குறைந்தது இருபது திரும்பி வர வேண்டுமாம். ஜூலை 7 திங்கள் கல்லூரியில் சுவரில் மாட்டி, வாத்தியார்கள் பார்த்து மார்க் போடுவார்கள். வராவிட்டால் அடுத்த வருடம் சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து இதே பாடத்தைத் திரும்பப் படிக்க வேண்டும்.

எனக்கு நம்பிக்கை இல்லை. சொல்லவில்லை.

ஜூன் 14, சனி

உலகும் அப்பாவும் போய் நாற்பதையும் தபாலில் சேர்த்துவிட்டார்கள். தபால் ஆபீஸ் வாசலில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற அவர், வழியில் கடைவாய்ப் பல்லையும் பிடுங்கிக்கொண்டு வந்தார். அட்டையை நான் பார்க்கவில்லை, கடையை விட்டு நகர முடிந்தால்தானே.

ஜூன் 21, சனி

ஒரு வாரம். ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை.

உலகு தபால்காரர் வரும் நேரத்துக்கு வாசலில். அவர் கையை விரித்துவிட்டுப் போனதும் உள்ளே வந்து, பழைய பஸ் டிக்கெட்டில் இருந்து எழுத்து எழுத்தாக வெட்டிக்கொண்டிருக்கிறாள். இரண்டு தோசை வைத்தால் ஒன்றை விட்டுவிடுகிறாள்.

"சும்மா கேட்டா எவன் செய்வான்? ஆளுக்கு ஒரு துண்டு வச்சு அனுப்பியிருக்கணும்" என்றேன்.

"நீ எல்லாத்துலயும் துண்டு விப்பியாம்மா?"

ஆமாம். அதில்தான் இவள் காலேஜ் ஓடுகிறது. அதையும் சொல்லவில்லை. முகம் அப்படி இருந்தது.

ஜூன் 23, திங்கள்

ஐந்தருவியில் வெள்ளம். மறுபடி தடை.

கரூர் லோடு வரவில்லை. நான்கு நாள் தாமதம். இதுவரை இப்படி ஆனதில்லை.

வீட்டுக்காரர் சொன்னது: இந்த வாரம் கடைக்கு வந்தவர்களில் மூன்று பேர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "தைரியமா இருங்க அண்ணாச்சி" என்றார்களாம். இவர் வாயைத் திறந்து பல் பிடுங்கிய இடத்தைக் காட்டி, "இப்பம் வலி இல்ல, நல்லாத்தான் இருக்கு" என்று சிரித்தாராம். அவர்கள் ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் போனார்களாம்.

ஒரு பல்லுக்கு ஊரில் இவ்வளவு பாசமா?

ஜூன் 24, செவ்வாய்

காலை ஏழு மணி. அவர் குளித்துக்கொண்டிருந்தார். அவருடைய போன் அடித்தது, எடுத்தேன். கரூர்க்காரர்.

"அண்ணா, மனசத் தேத்திக்கங்க. அக்கா விசயம் தபால்ல வந்துச்சுங்க. லோடு இப்பத்திக்கு வேண்டாம்னு நிறுத்தி வெச்சிருக்கேனுங்க. அக்கா மாதிரி பேரம் பேச இனி யாருங்க இருக்கா?"

"எந்த அக்கா?"

அந்தப் பக்கம் இருந்து மெதுவாக, "யாருங்க பேசறது?"

"பூரணம்தான் பேசுதேன். லோடை ஏன் நிறுத்துனிய?"

போன் கீழே விழுந்த சத்தம் கேட்டது.

உலகை எழுப்பி, மீதி அட்டை இருந்தால் கொண்டுவா என்றேன். ஒன்று வைத்திருந்தாள். பார்த்தேன். நடுவில் என் போட்டோ. சுற்றிலும் துண்டு லேபிள், டிக்கெட், அருவிப் படம். எழுத்தெல்லாம் வெவ்வேறு பையில் இருந்து வெட்டி ஒட்டி, அழகாகத்தான் இருந்தது: 'இவரைப் பற்றி உங்களுக்குத் தெரிந்ததைக் கீழே ஒட்டுங்கள், எழுதுங்கள், திருப்பி அனுப்புங்கள்.' ஆனால் அட்டைக்கு நாலு பக்கமும் விரல் பருமனுக்குக் கறுப்புக் கரை. உறைக்கும் அதே கரை.

"ஏட்டி, சாவுத் தபாலுக்குல்லா இப்படிக் கறுப்பு அடிப்பாவ! இதை வீட்டுக்குள்ள வைக்க மாட்டாவ. வாசல்லயே கிழிச்சுப் போட்டுருவாவ. எவன் உள்ள எழுதினதைப் படிப்பான்?"

"எனக்கு எப்பிடிம்மா தெரியும்? எங்களுக்கு எழவு சேதி எல்லாம் வாட்ஸப்புலதான் வருது. உன் போட்டோ எடுப்பா தெரியணும்னு போட்டேன்."

அப்புறம் தரையில் உட்கார்ந்து அழுதாள். இவர் தலை ஈரத்தோடு வந்து நின்று, "அப்பம் அவங்க கேட்டது பல்லு இல்லையா?" என்றார்.

இந்த வீட்டில் நான் எப்படிச் சாவது.

ஜூன் 25, புதன்

கடையை பஜ்ஜிக்காரர் மனைவியிடம் விட்டுவிட்டு, விலாச நோட்டை வைத்துக்கொண்டு எல்லோருக்கும் போன். முப்பத்தொன்பது பேர். நான் உயிரோடு இருக்கிறேன் என்று முப்பத்தொன்பது தடவை சொல்வது லேசான காரியம் இல்லை. தொண்டை கட்டிவிட்டது.

பாதிப் பேர் சிரித்தார்கள். ஐந்து பேர் திட்டினார்கள், நியாயம்தான். ஒருவர் தலை முழுகிவிட்டதாகச் சொன்னார். புளியங்குடி எலுமிச்சை மண்டிக்காரர், தன் வீட்டுச் சடங்குக்கு எடுத்த துண்டில் நான்கு குறைந்ததை இப்போது ஞாபகப்படுத்தினார். செத்தவளிடம் கேட்க வேண்டாம் என்று விட்டிருந்தாராம்.

உலகு பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருந்தாள். ஒரு வருடம் போயிற்று என்று அவள் முடிவு செய்துவிட்டது தெரிந்தது. புதிதாக நாற்பது செய்து அனுப்பிப் பதில் வாங்க நாள் கிடையாது.

செங்கோட்டைத் தையல்காரம்மா மட்டும் விசும்பிக்கொண்டே சொன்னாள்: "கிழிச்சுக் கூரை மேல எறிஞ்சிட்டேன் அக்கா. மனசுல வச்சுக்காதிய."

உலகு சடக்கென்று நிமிர்ந்தாள். "ம்மா, அந்தத் துண்டு இன்னும் கெடக்கான்னு கேளு."

"எதுக்குட்டி?"

"கேளும்மா! கிழிச்சதுதான் அவங்க பதிலு. அதை அனுப்பச் சொல்லு."

முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. முப்பத்தொன்பது பேருக்கும் மறுபடி போன்.

நாற்பதாவது விலாசத்துக்கு நான் பேசவில்லை. அந்தப் பெயரை நோட்டில் நான் கோடு போட்டு அடித்து வைத்திருந்தேன். அடித்ததையும் படித்து உலகு அனுப்பியிருக்கிறாள், மகராசி. பேச்சி, இலத்தூர். குற்றாலத்தில் நானும் அவளும் ஒரே பலகையில் கூட்டாகக் கடை போட்டவர்கள். ஆறு வருடத்துக்கு முன்னால் சீசன் கடை ஏலத்தில், அவளிடம் சொல்லாமல் என் பெயரில் தனியாகக் கேட்டு இடத்தைப் பிடித்தேன். அவள் துரோகம் என்றாள். நான் வியாபாரம் என்றேன். அதோடு பேச்சு நின்றது. அவள் அதன் பிறகு குற்றாலம் பக்கமே வருவதில்லை.

அவளிடம் நான் உயிரோடு இருக்கிறேன் என்று எந்த வாயால் சொல்ல?

ஜூன் 30, திங்கள்

வர ஆரம்பித்துவிட்டது. வந்தவரை:

கரூர்க்காரர்: எட்டாகக் கிழித்த அட்டை. டேப் போட்டு ஒட்டி, லோடோடு அனுப்பியிருக்கிறார். துண்டு பத்து கூடுதல், பயந்ததற்கு.

புளியங்குடி மண்டிக்காரர்: நேர் பாதி, கோடு போட்டுக் கிழித்ததுபோல. எலுமிச்சை வாசனை. அவர் கணக்கும் அப்படித்தான் இருக்கும்.

பாவூர்சத்திரம் டெம்போ டிரைவர்: வண்டிக்கு அடியில் கிடந்ததாம். என் நெற்றியில் செருப்புத் தடம்.

தையல்காரம்மா: கூரையில் ஏறிப் பொறுக்கி, சிவப்பு நூலால் மிஷினில் தைத்திருக்கிறாள். உலகு இதைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஒருவர் பொடிப்பொடியாக. யார் என்று இங்கே எழுத மாட்டேன். அவரோடு போன வருடம் ஒரு சண்டை. எனக்குள் இருக்கட்டும்.

ஒவ்வொன்றையும் கண்ணாடித்தாள் உறையில் போட்டு, கீழே ஊர்ப் பெயரை எழுதுகிறாள். எலுமிச்சை மண்டிக்குச் சாக்கில் போடும் மார்க்கா எழுத்து, டெம்போவுக்குப் பின்பலகை எழுத்து. ஒரு எழுத்துக்கு அரை மணி. நானும் அந்த அரை மணி நின்று பார்த்தேன். கை ஆடவே இல்லை. இவளுக்குத் தொழில் தெரியும். இதுவரை எனக்கு அது தெரியாது.

ஜூலை 3, வியாழன்

பத்தொன்பது. மீதிப் பேருடையது மழையில் போயிற்று, சாக்கடையில் போயிற்று, ஒன்றை ஆடு தின்றுவிட்டது.

சனிக்கிழமை அவளுக்கு ரயில். தபாலில் இனி எதுவும் வராது. பத்தொன்பதுக்கு மார்க் கிடையாதா என்றேன். "இருவதுன்னு சொல்லிட்டாங்க" என்றாள். நான்தான் வளர்த்தேன், பேச்சு மாறாமல் இருக்க வேண்டும் என்று.

அவள் என்னைப் பேச்சியிடம் போகச் சொல்லவில்லை. நாற்பது பேர் பட்டியலை மட்டும் மேசையிலேயே வைத்திருந்தாள்.

ஜூலை 4, வெள்ளி

வெயிலும் சாரலும். பேரருவியில் நல்ல தண்ணீர், நல்ல கூட்டம். கடையைத் திறக்கவில்லை. ஒன்பது மணி பஸ், இலத்தூர்.

பேச்சி இப்போது மாவு அரைத்து விற்கிறாள். கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. நிமிர்ந்து பார்த்தாள். கையில் இருந்த அகப்பை கீழே விழுந்தது.

"ஏட்டி... நீ செத்துல்லா போனே?"

"போவலை."

பக்கத்தில் வந்து ஒரு விரலால் என் கையை அமுக்கிப் பார்த்தாள். மாவு ஒட்டிக்கொண்டது.

"தபாலு வந்துச்சே."

"எம் மவ செஞ்ச கூத்து. படிப்புக்கு."

"பாவி! உன் தென்காசிக் கடை முக்கு வரைக்கும் வந்தேன், தெரியுமா? பேச்சுவார்த்தை இல்லன்னாலும் எழவுக்குப் போவணும்லான்னு. உன் வீட்டுக்காரன் கல்லாவுல இருந்துக்கிட்டு ஒருத்தன்கிட்ட வாயைத் தொறந்து ஈன்னு சிரிக்கான். பொண்டாட்டி போயி பத்து நாளாவலை, பல்லைக் காட்டுதானேன்னு வெறுத்துப்போயி அடுத்த பஸ்ஸுல திரும்பிட்டேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கு வரவில்லை. அடக்கிக்கொண்டு விஷயத்தைச் சொன்னேன்.

"கிழிச்ச துண்டு கெடந்தா தா, பேச்சி. பிள்ளைக்கு ஒண்ணு குறையுது."

"கிழிக்கலை."

உள்ளே போய், அரிசி டப்பாவுக்குப் பின்னால் இருந்து எடுத்து வந்தாள். முழுசாக இருந்தது. மடங்கக்கூட இல்லை.

"சாவுத் தபாலை வீட்டுக்குள்ளயா வச்சிருந்தே?"

"எனக்குத் தெரியாதாக்கும். எங்க மாமியா தெனமும் கத்துதா. கிழிக்கலாம்னு கையில எடுத்தா உன் மூஞ்சி முழிச்சுப் பாக்குது. போட்டோவுலயும் பேரம் பேசுத மூஞ்சி."

போய்க் கிரைண்டரை நிறுத்திவிட்டு வந்தாள்.

"இப்பம்தான் நீ உசுரோட நிக்கியே" என்றாள். அட்டையை நடுவில் ஒரு கிழி. சேர்த்து வைத்து இன்னொரு கிழி. நான்கு துண்டையும் என் கையில் வைத்தாள். "இந்தா. இது உன் பிள்ளைக்கு. உனக்கு ஒண்ணும் கெடையாது. பஸ்ஸு வந்துரும், போ."

பஸ்ஸில் நான்கையும் மடியில் சேர்த்து வைத்துப் பார்த்தேன். கீழே காலி இடத்தில் எழுதியிருந்தாள், நான் செத்துவிட்டதாக நினைத்து எழுதியது:

'என் இடத்தைச் சொல்லாமல் பிடித்துக்கொண்டாள். அந்த இடத்தில் நான் இருந்திருந்தால் இவ்வளவு விற்றிருக்க மாட்டேன். அதுதான் எனக்கு ஆத்திரம். வேறு குறை இல்லை.'

இறங்கும் வரைக்கும் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண்டக்டருக்கு இரண்டு தடவை டிக்கெட் காசு கொடுக்கப் பார்த்தேன்.

உலகு துண்டுகளைச் சேர்த்துப் படித்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடி படித்தாள்.

"ம்மா, இதோட இருவது ஆச்சு. ஆனா இதைச் சுவத்துல வச்சா எல்லாரும் படிப்பாங்க. நீ என்ன செஞ்சேன்னு இதுல இருக்கு. வேண்டாம்னா சொல்லிரு, நான் வைக்கலை."

வை என்றேன். நடுவில் வை.