டீக்கடைக்குப் போன பை

கொல்கத்தா,
வெள்ளிக்கிழமை

சிரஞ்சீவி ஜெய்ராமுக்கு அம்மாவின் ஆசீர்வாதம். நானும் அப்பாவும் சௌக்கியம், அப்பாவின் முழங்கால் மட்டும் லிஃப்ட் கெட்டுப்போகிற நாளாகப் பார்த்து வலிக்கிறது. ஆக்லாந்தில் குளிர் விட்டதா? பூஜைக்கு வருகிறேன், டிக்கெட் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று நீ சொல்லி ஆறு வாரம் ஆகிறது, இப்படி நீ சொல்வது இது மூன்றாவது வருஷம், அந்த விஷயத்துக்கு அப்புறம் வருகிறேன்.

கார்டன் ரீச் கிடங்கில் லாரிகளுக்கு நேரம் ஒதுக்குவது இன்னும் என் தலையில்தான். கிடங்கு என்று பெயரே தவிர அங்கே சரக்கு தங்காது, ஒரு லாரியிலிருந்து இறங்கி அப்படியே அடுத்த லாரியில் ஏறிவிடும், ஒருவன் வாசலை விட்டு நகராவிட்டால் எல்லாம் நின்றுபோகும். மொத்தம் இரண்டே வாசல், அதில் ஒன்றுக்கு ஷட்டர் மக்கர். போன வெள்ளிக்கிழமை, நாமக்கல் போகும் கலியனின் லாரியில் சரக்கு ஏறி முடிய பத்தே முக்கால் ஆகும்போல் இருந்தது. பத்தரைக்கு ராகுகாலம், பன்னிரண்டு அடிக்காமல் வண்டியை எடுக்கமாட்டேன் என்று அவன் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். வெளியே அதே வாசலுக்காக ஆயிரம் சட்டி இனிப்புத் தயிர், மிஷ்டி தொய், வெயிலில் நிற்கிறது, அந்த டிரைவர் ஹாரனிலிருந்து கையையே எடுக்கவில்லை. அப்பா ஒவ்வொரு ரயில் பயணத்துக்கும் பரஸ்தானம் வைப்பாரே, நல்ல நேரத்தில் பெட்டியைப் பக்கத்து வீட்டில் வைத்துவிட்டால் புறப்பட்டதாகவே அர்த்தம் என்பாரே, அது சட்டென்று ஞாபகம் வந்தது. பத்து இருபதுக்குக் கலியனின் பையையும் டிபன் கேரியரையும் நானே தூக்கிக்கொண்டுபோய் கேட்டுக்கு வெளியே டீக்கடையில் வைத்தேன். சூப்பர்வைசர் ரஞ்சன் பாபு நான் அவனை விரட்டுகிறேன் என்று நினைத்துவிட்டார், தீதி தீதி, பாவம் பிள்ளைகுட்டிக்காரன் என்று பின்னாலேயே ஓடிவந்தார். கலியனோ டீக்கடையை எட்டிப் பார்த்து, பொறப்பட்டாச்சுல்ல, அப்ப சரிக்கா என்று சொல்லி, பத்தே முக்காலுக்கு வண்டியை எடுத்துவிட்டான். தயிர் ஒரு சட்டிகூடப் புளிக்கவில்லை. இப்போது ரஞ்சன் பாபு தமிழ்நாட்டு லாரிகளுக்கென்று அட்டவணையில் 'பை வெளியே' என்று தனிக் கட்டமே போட்டிருக்கிறார்.

வீட்டுக்கு வரும்போது பஸ்ஸில் யோசித்தேன், கலியனை நகர்த்தத் தெரிந்த எனக்குப் பெற்ற பிள்ளையை நகர்த்தத் தெரியவில்லையே என்று. உன்னைப் பார்க்காமல் எனக்கு முடியவில்லைடா, அவ்வளவுதான் விஷயம். அதனால் இன்று காலை ராகுகாலத்துக்கு முன்னாலேயே என் பெட்டியைக் கீழ்வீட்டு கோஷ் தீதியிடம் கொண்டுபோய் வைத்துவிட்டேன், பாஸ்போர்ட்டும் நார்த்தங்காயும் உள்ளே இருக்கின்றன. நீ இங்கே வரும் டிக்கெட்டை எனக்கு அனுப்பினால் பெட்டி மேலே வரும், இல்லாவிட்டால் நான் அங்கே புறப்பட்டாயிற்று. அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை, அவர் வேஷ்டியெல்லாம் அந்தப் பெட்டியில்தான் இருக்கிறது.

தீர்க்காயுசாக இரு. ராத்திரியில் மோர் குடிக்காதே. பெட்டி ரொம்ப நாள் கீழே இருக்கக்கூடாது, உடனே பதில் போடு.

இப்படிக்கு,
வழியில் இருக்கும் உன் அம்மா,
மாதங்கி